ஓவனைக் கழற்றிப் பார்ப்பவன் சொல்கிறேன்

ரிப்பேருக்கு மைக்ரோவேவ் ஓவன் கொண்டுவருகிறவர்கள், எவ்வளவு செலவாகும் என்று கேட்பதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுகிறார்கள்: "அண்ணா, இதுல சூடு பண்ணிச் சாப்பிட்டா கேன்சர் வருமாமே?" வராது என்று சொன்னால் நம்புவதில்லை. மூடியைக் கழற்றி உள்ளே காட்டினால் கொஞ்சம் இறங்கி வருவார்கள்.

உள்ளே இருக்கும் முக்கியமான பொருள் மேக்னெட்ரான். இரண்டாம் உலகப் போரில் ரேடாருக்கு உழைத்த குழாய் அது. 1945-இல் அமெரிக்காவின் ரேதியான் கம்பெனியில் பெர்சி ஸ்பென்சர் என்பவர் அதன் பக்கத்தில் நின்றபோது சட்டைப்பையிலிருந்த மிட்டாய் உருகிப்போக, அதிலிருந்துதான் இந்த அடுப்பு வந்தது என்பார்கள். மேக்னெட்ரானிலிருந்து புறப்படும் அலை நொடிக்கு 245 கோடி முறை துடிக்கும். சோற்றிலும் குழம்பிலும் உள்ள தண்ணீர் மூலக்கூறுகள் அதற்கேற்ப ஆடப் பார்க்கும். அந்த ஆட்டத்தில்தான் சூடு.

புற்றுநோய் வர வேண்டுமென்றால் செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏ கெட வேண்டும். எக்ஸ்ரே அதைச் செய்யும், வெயிலின் புற ஊதாக் கதிரும் செய்யும். ஓவன் அலைக்கு அந்தப் பலம் கிடையாது. நாம் புத்தகம் படிக்கும் வெளிச்சத்தின் ஒரு துகளுக்கே இதைவிட லட்சம் மடங்குக்கும் மேல் சக்தி. சுவிட்சை அணைத்தால் அலையும் நின்றுபோகும். டியூப்லைட்டை அணைத்த பிறகு அறையில் வெளிச்சம் தங்குவதில்லையே, அப்படித்தான் சாப்பாட்டிலும் எதுவும் தங்குவதில்லை.

கதவுக் கண்ணாடியில் ஓட்டை ஓட்டையாக ஒரு தகடு தெரியும், பார்த்திருப்பீர்கள். அலையின் நீளம் 12 செ.மீ. ஓட்டையோ குண்டூசித் தலையளவு. நுழைய முடியாது. கதவைத் திறந்த மாத்திரத்தில் மேக்னெட்ரானை நிறுத்த ஒன்றுக்கு மேற்பட்ட டோர் சுவிட்சுகள் வேறு. 5 செ.மீ. தூரத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் கசியக் கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். தள்ளி நிற்க நிற்க அதுவும் வேகமாகக் குறைந்துவிடும். ஆனால் கதவு கோணி, கீல் ஆடி, கொக்கி உடைந்த ஓவனை நான் ஓட்டவிட மாட்டேன். இந்த அலை உடம்பையும் சுடும், குறிப்பாகக் கண்ணை. அது சூட்டுக் காயம், புற்றுநோய் அல்ல.

படித்த பிள்ளைகள் போனில் ஒன்றைக் காட்டுவார்கள்: உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் ரேடியோ அலைகளை (ஓவன் அலையும் இந்த வகைதான்) '2பி' பிரிவில் சேர்த்தது. உண்மைதான். 'வரக்கூடும் என்பதற்குக் கொஞ்சம்தான் ஆதாரம்' என்கிற பிரிவு அது. செல்போன் பற்றிய ஆய்வுகளை வைத்துத்தான் முக்கியமாக அப்படிச் சேர்த்தார்கள். ஆசிய நாடுகளின் ஊறுகாய்க் காய்கறிகளும் அதே பிரிவில் இருக்கின்றன.

ஒரு பாட்டி இதே கேள்வியை வெற்றிலை பாக்கைக் கொடுப்பில் அடக்கிக்கொண்டு கேட்டார். பாக்கு, புகையிலை சேராத வெறும் பாக்கு, அதே முகமையின் முதல் பிரிவில் இருக்கிறது. சிகரெட்டும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கிற பிரிவு. விறகடுப்புப் புகை அதற்கு அடுத்த பிரிவில். ஊதுகுழலோடு அடுப்படியிலேயே பாதி வாழ்நாளைக் கழித்த என் அம்மாவிடம் கேன்சர் பற்றி யாரும் எச்சரித்ததில்லை. பாட்டியிடம் பாக்கைச் சொன்னேன். "அது கெடக்கு போ, நீ மெஷினைப் பாரு" என்றார்.

பார்சல் வந்த பிளாஸ்டிக் டப்பாவை மட்டும் அப்படியே உள்ளே வைக்காதீர்கள். கண்ணாடி, பீங்கான் போதும்.

எனக்கு ஓவனில் பயம் இரண்டு. ஒன்று கெபாசிட்டர்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சுமார் 2000 வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும், ஆளையே கொல்லும். இன்னொன்று, சில மேக்னெட்ரான்களின் பீங்கான் பகுதியில் இருக்கும் பெரிலியம் ஆக்சைடு. முழுசாக இருக்கும்வரை தொந்தரவில்லை. பொடியாகி மூச்சில் போனால் நுரையீரல் கெடும். பெரிலியமும் அந்த முதல் பிரிவுதான். செம்புக்காகச் சுத்தியலால் உடைக்கிற காயலான் கடைப் பையன்கள் மூக்கில் துணிகூடக் கட்டுவதில்லை. பழைய ஓவனை எடைக்குப் போடும்போது, அந்தக் குழாயை உடைக்க வேண்டாம் என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.