சிறு முதலில் ஒரு சுமைவண்டி

உழவன் விளைவித்தால் மட்டும் போதாது. விளைந்த பொருள் வாடுமுன் சந்தை சேர வேண்டும். மாந்தோப்பு வைத்திருப்பவர், கறவை மாடு வளர்ப்பவர், தேங்காய் வாணிகம் செய்பவர் ஆகிய எல்லோருக்கும் நாள்தோறும் எழும் கேள்வி, "வண்டிக்கு என்ன செய்வது?" என்பதே. வாடகை வண்டி பிடித்தால் ஊதியத்தில் ஒரு பகுதி வாடகையிலேயே கரைகிறது. புதிய வண்டி வாங்கக் கையில் முதல் இல்லை. கடனில் வாங்கினாலோ தவணை துரத்துகிறது. இந்நிலையில் பலர் நாடும் வழி ஒன்று உண்டு. பழைய ஜீப்பையோ பழைய பிக்கப் வண்டியையோ குறைந்த விலைக்கு வாங்கிச் செப்பனிட்டுத் தம் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்வதே அது. நல்ல வழிதான். ஆனால் வகையறிந்து செய்யாவிடில் கைம்முதல் அழியும். சில வேளைகளில் உயிருக்கும் கேடு நேரும். ஆதலின் இவ்வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதை இன்று காண்போம்.

இதைப்பற்றிப் பேசுவதற்கு ஏற்ற இடம் மீனாட்சிபுரம். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்லும் இருப்புப் பாதையில், கேரள எல்லைக்குள் சிற்றூர் வட்டத்தில் அமைந்துள்ள ஊர் அது. அவ்வட்டம் முன்னர்க் கொச்சி அரசுக்கு உரியதாயிருந்தது. 1956 நவம்பர் முதல் நாள் கேரள மாநிலம் அமைந்தபோது அதில் சேர்ந்தது. எனினும் எல்லைக்கோடு மொழியைப் பிரிக்கவில்லை. அங்குத் தெருவிலும் கடையிலும் தமிழ் ஒலிக்கிறது. அருகிலுள்ள முதலமடை மாம்பழத்துக்குப் பேர்போனது. பட்டறையும் உதிரிபாகமும் தேடுவோருக்குப் பொள்ளாச்சி அருகில் உண்டு. அதற்கப்பால் ஏறத்தாழ 40 கிலோமீட்டரில், வார்ப்படச் சாலைகளும் லேத்துப் பட்டறைகளும் நிறைந்த கோயம்புத்தூர் உண்டு. ஆக, எல்லையில் வாழ்வோருக்கு வண்டி ஒரு மாநிலத்தில், பட்டறை மற்றொரு மாநிலத்தில் என்னும் நிலை இயல்பானது. வெளி மாநிலங்களில் வாழும் தமிழ் அன்பர் பலருக்கும் இந்நிலை புதிதன்று.

இவ்வெல்லையைத் தெற்கே தொடர்ந்து சென்றால் இடுக்கி மலைகளை அடைவோம். அங்குப் பழைய ஜீப்பின் அருமையைக் கண்கூடாகக் காணலாம். போடிநாயக்கனூரை அடுத்த கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருப்பினும், வண்டியில் அங்கு ஏறுவதற்கு இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லி வழியாகவே செல்ல வேண்டும். கல்லும் குழியுமான அம்மலைப் பாதையில் ஜீப்பைத் தவிர வேறு வண்டி எளிதில் ஏறாது. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய கணவாய்களின் வழியே ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்வனவும் ஜீப்புகளே.

ஜீப் போருக்கென 1941இல் அமெரிக்காவில் உருவான வண்டி. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகள் செய்யப்பட்டன. 1940களின் பிற்பகுதியில் மகிந்திரா நிறுவனத்தார் அவற்றின் பாகங்களை வரவழைத்துப் பம்பாயில் பூட்டத் தொடங்கினர்; பின்னர் இந்நாட்டிலேயே செய்தனர். ஓட்டுநர் அறை முன்னே தள்ளி அமைந்த சுமை ஜீப்புகளும் அவர்களிடமிருந்து வந்தன. போர்க்களத்தில் சாதாரணக் கருவிகளைக் கொண்டே பழுதுபார்க்கும்படி வகுக்கப்பட்ட வண்டியாதலால், சிற்றூர்ப் பட்டறையும் அதைப் பிரித்துப் பூட்ட முடிகிறது. பழைய ஜீப் இன்றும் மலையேறுவதன் இரகசியம் இதுவே.

பழையதைப் புதுப்பயனுக்குத் திருப்புவது நம் நாட்டில் மட்டும் உள்ள வழக்கமன்று. பிலிப்பைன்ஸ் நாட்டில் அமெரிக்கப் படையினர் போருக்குப்பின் விட்டுச் சென்ற ஜீப்புகளை நீட்டிக் கூரையமைத்து, ‘ஜீப்னி’ என்னும் பொதுவண்டியாக மாற்றினர். மணிலா நகரின் அடையாளமாகவே அது ஆயிற்று. ஆஸ்திரேலியாவில், ஞாயிறன்று கோயிலுக்குச் செல்லவும் திங்களன்று பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றவும் ஒரே வண்டி வேண்டுமென ஓர் உழவர் வீட்டுப் பெண்மணி ஃபோர்டு நிறுவனத்தாருக்கு எழுதினாராம். அங்குப் பணியாற்றிய லூயிஸ் பாண்ட் என்பவர் வரைந்த வண்டி 1934இல் வெளிவந்தது. தேவைக்கேற்ப வண்டி அமைய வேண்டும் என்பதே இவற்றின் உட்கருத்து.

இனி வேலைக்கு வருவோம். பழைய வண்டி வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இன்ஜினையன்று, ஆவணங்களை. பதிவுச் சான்றில் உள்ள சேஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் பொறித்துள்ள எண்களோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். துருவைத் தேய்த்துத் துடைத்தபின் விளக்கு வைத்துப் பாருங்கள். எண் அழிக்கப்பட்டிருந்தாலும், அவ்விடத்தில் மட்டும் புதுப் பற்றவைப்புத் தெரிந்தாலும், விலை எவ்வளவு மலிவாயினும் திரும்பி வந்துவிடுங்கள். நிலுவை வரி, தீராத கடன், அபராதம் ஆகியவற்றையும் விசாரித்தறிய வேண்டும். பிற மாநில வண்டியாயின், முன்பு பதிவான அலுவலகத்திலிருந்து தடையின்மைச் சான்று பெற வேண்டும். வேறொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வண்டியை அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். பொள்ளாச்சிப் பதிவில் உள்ள வண்டியை மீனாட்சிபுரத்தில் நிலையாக வைத்துக்கொள்ள விரும்புவோருக்கும் இதுவே விதி. பழைய வண்டிகளின் வயதுபற்றி நீங்கள் வாழும் நகரில் தனிக் கட்டுப்பாடு உண்டா என்பதையும் முன்கூட்டியே கேட்டறிக.

அடுத்து ஒரு முக்கியமான செய்தி. ஆள் ஏறும் தனியார் ஜீப் ஒன்றை வாங்கி, பின்பக்கத்தை அறுத்துப் பெட்டி வைத்துவிட்டால் அது சுமைவண்டி ஆகிவிடும் எனப் பலர் எண்ணுகின்றனர். சட்டம் அவ்வாறு கொள்வதில்லை. உற்பத்தியாளர் குறித்த அமைப்பிலிருந்து மாறுபடுமாறு வண்டியைத் திருத்தலாகாது என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதி செய்தது. ஆதலின் தொடக்கத்திலேயே சுமைவண்டியாகப் பதிவான பிக்கப்பைத் தேடி வாங்குவதே அறிவுடைமை. முழு எடை 3,000 கிலோகிராமுக்கு மேற்படாத சுமைவண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை என்பது சிறு முதலாளிக்குக் கிடைத்த சலுகை. ஆனால் எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று கட்டாயம். எட்டு ஆண்டுகள் கடந்த வண்டிக்கு ஆண்டுதோறும் அது வேண்டும். இன்ஜினை மாற்ற நேர்ந்தாலும், பழையதைக் கழற்றுமுன்னரே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு அனுமதி பெறுவது நலம்.

‘பழம்பெரும் வண்டி’ எனப் பதிவு செய்துகொண்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். அதற்கென 2021 சூலையில் மத்திய அரசு விதிகள் வகுத்துள்ளது. முதற்பதிவாகி 50 ஆண்டுகள் கடந்த, மூல அமைப்புக் கெடாத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளே அவ்வகையில் சேரும். புதிதாகப் பதிவு செய்யக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அவ்வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கன்றி நாள்தோறும் சாலையில் ஓட்டலாகாது. அதைக் கொண்டு பொருள் ஈட்டவும் கூடாது. எனவே அழகுக்காகப் பழைய வண்டி வளர்ப்பது வேறு. பிழைப்புக்காக வளர்ப்பது வேறு. நம் பேச்சு பிழைப்புக்கான வண்டியைப் பற்றியது.

ஆவணம் தேறிய பின்னர் வண்டியின் முதுகெலும்பைப் பார்க்க வேண்டும். அதுவே சேஸ். ஏணிபோல் இரு நெடுஞ்சட்டங்களும் குறுக்குச் சட்டங்களும் சேர்ந்தது அது. ஸ்பிரிங் பட்டைகள் மாட்டியுள்ள இடங்களில்தான் மண்ணும் ஈரமும் தங்கித் துரு உண்டாகும். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே செல்லுங்கள். நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும், அரித்த இரும்பு மொத்தென ஒலிக்கும். சட்டம் கோணியிருக்கிறதா என்பதை அறிய விலையில்லா முறை ஒன்றுண்டு. வண்டியைச் சமதளமான சிமெண்டுத் தரையில் நிறுத்தி, சேஸின் இரு பக்கங்களிலும் ஒத்த இடங்களாக நான்கைத் தேர்ந்து, கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் குறியிடுங்கள். மூலைக்கு மூலை நூல் பிடித்து அளந்தால் இரு குறுக்களவுகளும் ஒத்திருக்க வேண்டும். பெரிய வேற்றுமை தெரிந்தால் அது விபத்தில் அடிபட்ட வண்டி; வேண்டா.

மூன்றாவது, பிரேக்கும் ஸ்டீயரிங்கும். பழைய ஜீப்புகள் பலவற்றில் பிரேக் எண்ணெய் ஒரே வழியாக நான்கு சக்கரங்களுக்கும் செல்கிறது. ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் ஒருங்கே ஓய்ந்துவிடும். ஆகவே மாஸ்டர் சிலிண்டர், சக்கரச் சிலிண்டர்கள், ரப்பர்க் குழாய்கள், லைனிங் ஆகியவற்றைப் புதியனவாகவே போடுங்கள். பழைய சாமான் கடையில் கதவும் கண்ணாடியும் வாங்கலாம். பிரேக் ரப்பரை வாங்கலாகாது. வேகம் இருமடங்கானால் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. மலையிறக்கத்தில் அவ்வாற்றல் முழுவதும் வெப்பமாக மாறும். பிரேக் எண்ணெய் நாளடைவில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால், அவ்வெப்பத்தில் கொதித்து ஆவியாகும். அப்போது மிதி தரைவரை இறங்கும், வண்டி நிற்காது. ஈராண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுவதும், இறக்கத்தில் கீழ்க் கியரிலேயே வருவதும் இதனாலேயே. ஸ்டீயரிங்கைச் சோதிக்க, முன்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் கண்டால் கிங்பின் அல்லது பேரிங் தேய்ந்துள்ளது எனக் கொள்க. ஸ்டீயரிங் தண்டு ஒடிந்தாலோ வளைந்தாலோ பற்றவைத்து ஒப்பேற்றுவது கொடிய தவறு. மாற்றியே ஆக வேண்டும்.

நான்காவதாகவே இன்ஜின். டீசல் இன்ஜினின் நிலையைப் புகை சொல்லும். நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. கரும்புகை வந்தால் டீசலுக்கேற்ற காற்று இல்லை. சூடேறிய பின்னும் வெண்புகை நில்லாமல், ரேடியேட்டர் நீரும் குறைந்துகொண்டே வந்தால் சிலிண்டருக்குள் நீர் புகுகிறது எனலாம். ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் குப்குப்பெனப் புகை வருமாயின் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன. இவற்றுக்கெல்லாம் மருந்து உண்டு, செலவும் உண்டு. விலை பேசும்போதே அச்செலவைக் கழித்துப் பேசுவதற்காகவே இவற்றை அறிந்திருக்க வேண்டும்.

கடைசியாகச் சுமைப்பெட்டி. வண்டி பார்வைக்கு எடுப்பாயிருக்க வேண்டுமென்று கனத்த இரும்புத் தகடும் அலங்காரக் கம்பிகளும் ஏற்றுவோர் உளர். கணக்குப் பாருங்கள். பதிவில் முழு எடை 2,200 கிலோகிராம், வெற்று எடை 1,400 எனில் ஏற்றக்கூடிய சுமை 800. பெட்டியில் 150 கிலோகிராம் கூடினால் சுமை 650 ஆகக் குறைகிறது. ஒவ்வொரு நடையிலும் மூன்று மூட்டை மாங்காய்க்கு இடமின்றிப் போகிறது. ஆகவே பதிவில் உள்ள அளவும் வகையும் மாறாமல் பழைய பெட்டியையே செப்பனிட்டு, தளத்துக்கு நன்கு உலர்ந்த பலகை இடுவது சிக்கனம். பெட்டியைப் பொருத்தச் சேஸின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளையிடலாகாது. பாரம் தாங்கும் இடம் அதுவாதலால் விரிசல் அங்கேயே தொடங்கும். யு போல்ட்டுகளால் இறுக்கி, இடையே ரப்பர்ப் பட்டை வைத்தால் போதும். லாரிக்குக் கூண்டு கட்டுவதில் பேர்பெற்ற நாமக்கல், திருச்செங்கோடு பகுதிகளில் தொழில் பழகியவர் கிடைத்தால் அவர் சொல்லைக் கேளுங்கள். வண்ணம் அடிப்பது அனைத்துக்கும் பின்னரே.

பணத்தைப் பங்கிடுவது எவ்வாறு? கையிலுள்ளதை நூறு பங்காகக் கொண்டால், வண்டி வாங்க 40, சேஸ், பிரேக், ஸ்டீயரிங், இன்ஜின் ஆகியவற்றுக்கு 35, பெட்டிக்கும் வண்ணத்துக்கும் 10 என வைத்து, மீதி 15 பங்கைத் தொடாமல் வையுங்கள். பிரித்துப் பார்த்த பின்னரே தெரியும் பழுது எந்த வண்டியிலும் ஒன்றிரண்டு இருக்கும். முழுப்பணத்தையும் வாங்குவதிலேயே செலவிட்டவர், பிரித்த வண்டியைப் பட்டறை மூலையில் விட்டு வட்டி கட்ட நேரும். உதிரிபாகங்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய சாமான் சந்தைகள் உண்டு. அங்கு வாங்கும்போதும் இரசீது கேட்டு வாங்குக. திருட்டுப் பொருள் கைக்கு வந்தால் பழி நம்மையே சேரும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். சுமைவண்டி சுமைக்கே உரியது. தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்களை, "ஒரு நடைதானே" என்று மூட்டைகளின்மேல் ஏற்றிச் செல்லும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. மலைச்சாலையில் வளைவுகள் அடுத்தடுத்து வரும். நின்றும் சாய்ந்தும் வரும் ஆட்களின் எடை ஒருபுறம் சரிந்தால் சிறு வண்டி கவிழ எத்தனை நேரம் ஆகும்? விபத்து நேர்ந்தால் இழப்பீட்டிலும் சிக்கல் எழும். அன்றாடக் கூலிக்குப் போனவர் வீட்டில் அதன்பின் அடுப்பெரிவது எங்ஙனம்? வாடகை மிச்சம் பிடிப்பதற்காக அமைத்த வண்டி பிறர் குடும்பத்தைக் கெடுத்தல் ஆகாது.

ஆவணம், சேஸ், பிரேக்கும் ஸ்டீயரிங்கும், இன்ஜின், பெட்டி. இவ்வரிசை மாறாமல் செலவிடுங்கள். பார்ப்பவர் கண்ணில் படாத பாகங்களுக்கே முதற்பணம் செல்லட்டும். மேனி மங்கிய வண்டி பல்லாண்டு உழைப்பதுண்டு. பிரேக் கெட்ட வண்டிக்கு எந்த வண்ணமும் துணை செய்யாது. கைச்சிக்கனத்தோடு கருத்தும் சேர்ந்தால், பிறர் கழித்துவிட்ட வண்டி உங்கள் குடும்பத்துக்குச் சோறு போடும்.