மர மாடிகளும் நம் பால்மரமும்

சுங்கைப் பட்டாணி வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தோர்க்கு மரவீடு புதிதன்று. பழைய லயங்களின் பலகைச் சுவர் வழியே அடுத்த வீட்டாரின் இருமலும் கேட்கும். அத்தகைய மரத்தால் பதினெட்டு மாடி எழுப்பலாம் என்றால் நம் பெரியோர் நகைத்திருப்பர். ஆயினும் நார்வே நாட்டில் 2019ஆம் ஆண்டு முடிவுற்ற மியோஸ்டார்நெட் 85.4 மீட்டர் உயரமுடையது. காற்றில் மிகுதியும் அசையாதிருக்க, மேல்மாடிகளுக்கு மட்டும் கனமான கான்கிரீட் தளம் இட்டனர். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 2022இல் எழுந்த அசென்ட் என்னும் குடியிருப்பு 25 மாடியுடையது. நமக்கு அண்மையில், சிங்கப்பூர் நன்யாங் பல்கலைக்கழகத்தின் ஆறுமாடிக் கட்டடமான காயா 2023இல் திறக்கப்பட்டது.

இதன் நுட்பம் எளிது. பலகை தன் நாரோட்டத்தில் வலியது. குறுக்கே மெலியது, ஈரத்தில் உப்புவது. ஆகவே ஓரடுக்கை நெடுக்காகவும் அடுத்ததைக் குறுக்காகவும் வைத்துப் பசையிட்டு அழுத்துகின்றனர். ஒன்றன் குறையை மற்றொன்று தாங்குகிறது. 1990களில் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் இம்முறை உருப்பெற்றது.

தீப்பற்றினால் என்னாகும்? மாணவர் முதலில் கேட்பது இதுவே. பருமரம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 0.65 மில்லிமீட்டர் வீதமே கரிகிறது. மேலே படியும் கரியே உள்மரத்தைக் காக்கிறது. ஒரு மணி நேரத்தில் கரிவது நான்கு சென்டிமீட்டர் அளவு. அதனை முன்கூட்டியே பருமனில் சேர்த்துவிடுகின்றனர். காப்பற்ற எஃகு உத்தரமோ 600 பாகை வெப்பத்தை நெருங்கும்போது தன் வலிமையில் பாதியை இழந்துவிடும். லயத்துப் பலகை மெல்லியது. அதில் கரி போக எஞ்சுவதற்கு ஒன்றுமில்லை.

இனி நம் மரத்துக்கு வருவோம். பால் சுரந்து ஓய்ந்த கித்தா மரத்தை 25 முதல் 30 ஆண்டுகளில் வெட்டுகின்றனர். முன்பு அது விறகு. இன்று மலேசிய மேசை நாற்காலிகளுக்கு முதன்மையான மரம். அடுக்குப் பலகையாகவும் ஆராய்ச்சிக் கூடங்களில் செய்து பார்த்துள்ளனர். குட்டையான துண்டுகளைப் பல்வெட்டி ஒட்டி நீட்டலாம், அது தடையன்று. மாச்சத்து மிகுந்ததால் பூசணமும் துளைவண்டும் விரைந்து பற்றுகின்றன. வெட்டியவுடன் அறுத்துப் போரான் மருந்தேற்றி உலர்த்துவது அதனால்தான். மருந்தேற்றியும் நனையுமிடத்துக்கு அது ஆகாது.

கெடாவின் மழையும் கறையானும் வடநாட்டுப் பொறியாளர் அறியாதவை. அம்மரம் சீவியோர் பலர் வேலை முடிந்ததும் லயத்தை விட்டுப் பட்டணத்துக் கான்கிரீட் அடுக்குமாடிகளில் குடியேறினர். அவர்தம் மக்களுக்கு அம்மரத்தாலேயே மாடி அமைப்பதாயின், தரையையொட்டிய தளம் கான்கிரீட்டாகவும் வெளிச்சுவர் மழைபடாத அகன்ற இறவாரத்தோடும் அமைய வேண்டும். அசென்டின் கீழ்மாடிகளும் கான்கிரீட்டே. பழைய லயங்கள் பலவற்றைத் தூண்மேல் நிறுத்தியோர் இதை அறிந்தேயிருந்தனர்.