எங்கள் ஒழுங்கைக்கு ஏன் இன்னும் ஃபைபர் வரவில்லை?

பக்கத்து ஊருக்கு ஃபைபர் இணைப்பு வந்துவிட்டது, எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்ற கேள்வியை எமது ஊர்களில் அடிக்கடி கேட்கலாம். எம்.பி. கவனிக்கவில்லை, முஸ்லிம் ஊர் என்பதால் ஒதுக்குகிறார்கள் என்று பதில்களும் தயாராக இருக்கும். சில இடங்களில் அதில் உண்மையும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிப்பது ஒரு சாதாரணக் கணக்குத்தான்.

ஃபைபர் என்பது தலைமுடி அளவிலான கண்ணாடி இழை. அந்த இழை பெரிய விலையில்லை. அதைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் செலவு: கம்பம் நடுவது, கேபிள் இழுப்பது, தேவைப்படும் இடத்தில் நிலத்தைத் தோண்டுவது, வேலையாட்களின் கூலி. நிலையத்திலிருந்து வரும் ஓர் இழை வினாடிக்கு சுமார் 2.5 ஜிகாபிட் தரவைச் சுமந்து வரும். வழியில் உள்ள ஒரு சிறு பெட்டி அதை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். முதலாவது வாடிக்கையாளர் விண்ணப்பிக்கும் முன்பே இதற்கெல்லாம் கம்பனி பணம் போட்டுவிட வேண்டும். வீட்டுக்குள் வரும் வயருக்கும் ரவுட்டருக்கும் ஆகும் செலவு அதன் பிறகுதான் வருகிறது; நாம் கட்டும் இணைப்புக் கட்டணம் பெருமளவில் அதற்கே போகும்.

விளங்கிக்கொள்வதற்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். இவை எந்தக் கம்பனியின் கணக்கும் அல்ல. ஒரு கிலோமீற்றர் கேபிள் போட 10 இலட்சம் ரூபா. வீடுகள் நெருங்கிக் கிடக்கும் காத்தான்குடி போன்ற ஊரில் அந்தத் தூரத்தில் 200 வீடுகள். அவற்றில் 100க்கு 40 வீதமானோர் இணைந்தால் 80 வீடுகள். வீட்டுக்கு 12,500 ரூபா முதலீடு. மாதக் கட்டணத்தில் எல்லாச் செலவும் போக 1,000 ரூபா மிஞ்சினால், ஓராண்டு கடந்ததும் போட்ட பணம் திரும்பிவிடும். அதே கேபிள், அதே 40 வீதம், ஆனால் கிலோமீற்றருக்கு 20 வீடுகள் மட்டுமே உள்ள கிராமம் என்றால்? எட்டு வீடுகள். வீட்டுக்கு 125,000 ரூபா. பணம் திரும்பப் பத்து ஆண்டுகளுக்கு மேல்.

இங்கே வசதியான ஊரா, ஏழை ஊரா என்ற கேள்வியே வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மன்னார் மாவட்டத்தின் முசலிப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1990இல் வெளியேற்றப்பட்டு, யுத்தம் முடிந்தபின் திரும்பியவர்களின் கிராமங்கள் அவை. வீடுகள் தூரம் தூரமாக இருக்கின்றன. அதைவிடச் சிக்கல், ஒரு காலை முசலியிலும் மறுகாலைப் புத்தளத்திலும் வைத்திருக்கும் குடும்பங்கள். பிள்ளைகளின் படிப்புக்காகப் புத்தளத்தில் தங்கினால் இங்குள்ள வீடு பூட்டிக் கிடக்கும். கேபிள் அந்த வீட்டைக் கடந்துதான் போகும், ஆனால் அந்த வீட்டிலிருந்து மாதாந்தம் ஒரு சதமும் வராது. இணையம் நன்றாக இருந்தால் திரும்பி வருவோம் என்று குடும்பம் நினைக்கும். குடும்பங்கள் திரும்பி வந்தால் கேபிள் போடுவோம் என்று கம்பனி நினைக்கும்.

இதற்கு மேல் டொலர் பிரச்சினை. கேபிளும் கருவிகளும் இறக்குமதிப் பொருட்கள். 2022 தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியபோது, கணக்கில் ஓரளவு ஈடுகொடுத்த கிராமங்களும் ஈடுகொடுக்காதவையாகிவிட்டன.

அதனால்தான் இப்படிப்பட்ட இடங்களுக்கு 4ஜி ரவுட்டரைத் தருகிறார்கள். கோபுரம் ஏற்கெனவே நிற்கிறது, புதிதாகத் தோண்ட எதுவுமில்லை. ஆனால் ஒரே அலைவரிசையை ஊரே பகிர வேண்டும். இஷாவுக்குப் பின் எல்லோரும் போனை எடுக்கும்போது வேகம் விழுவது அதனால்தான். கொரோனா காலத்தில் சிக்னல் தேடிப் பிள்ளைகள் பாறையிலும் மரத்திலும் ஏறியதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

இந்தக் கணக்கை வேறு விதமாகப் போட்டுக் காட்டியவர்களும் உண்டு. இங்கிலாந்தின் லங்காஷயர் கிராமங்களில் 2011இல் தொடங்கிய 'பார்ன்' அமைப்பு ஊர் மக்களே பங்கு வாங்கி உருவாக்கியது. விவசாயிகள் தங்கள் வயல் வழியே கேபிள் செல்ல இலவசமாக அனுமதித்தார்கள். ஊரவர்களே கால்வாய் வெட்டினார்கள். பெரிய கம்பனிகள் இலாபமில்லை என்று விட்ட பண்ணை வீடுகளுக்கு மாதம் 30 பவுணுக்கு வினாடிக்கு 1 ஜிகாபிட் வேகத்தில் இணைப்புக் கொடுத்தார்கள். தோண்டும் கூலியும் நிலக் கட்டணமும் குறைந்தால் கணக்கு மாறிவிடும் என்பதற்கு அது சாட்சி.

இலங்கையில் அதை அப்படியே செய்துவிட முடியாது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் இல்லாமல் பள்ளிவாசலோ சங்கமோ வீடு வீடாக இணைய சேவை விற்க முடியாது. ஆனால் கம்பனியின் கணக்கில் உள்ள ஓர் எண்ணை மாற்றுவதற்கு எவரின் அனுமதியும் தேவையில்லை: எத்தனை வீடுகள் இணையும் என்ற எண். மேலே சொன்ன 20 வீட்டுக் கிராமத்தில் எட்டுக்குப் பதிலாக 16 வீடுகள் இணைந்தால் பத்தாண்டு ஐந்தாண்டாகக் குறைந்துவிடும்.

அந்த எண்ணைத் திரட்டப் பள்ளிவாசல் நிர்வாகத்தை விடப் பொருத்தமானவர்கள் இல்லை. எந்த ஒழுங்கையில் எத்தனை குடும்பம், எந்த வீடு பூட்டியிருக்கிறது என்பது சந்தாப் பதிவேட்டிலேயே இருக்கிறது. பாடசாலை, மத்ரஸா, வீட்டிலிருந்து தொழில் செய்வோர் ஆகியோரையும் சேர்த்து, ஒழுங்கை வாரியாக ஒப்பமிட்ட விண்ணப்பங்களோடு கம்பனியின் பிராந்திய அலுவலகத்துக்குப் போகலாம். பாதை ஓரம் கம்பம் நடுவதற்குப் பிரதேச சபையின் சம்மதத்தையும் முன்கூட்டியே பேசி வைக்கலாம். ஒப்பமிட்டவர்களில் பாதிப்பேர் இணைப்பு வந்தபின் "இப்போதைக்கு வேண்டாம்" என்று சொன்னால் மட்டும், அடுத்த ஊர் கொண்டுபோகும் பட்டியலை எவரும் நம்பமாட்டார்கள்.