மணி அடிக்கிறது, குரல் வரவில்லை

அசாம் ஜாவாவில் என் நண்பர் ஒருவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரித் தொழில் நடத்துகிறார். கடைவீட்டு மாடியில் சின்ன அலுவலகம். தொலைபேசிக் கட்டணம் கட்டிச் சலித்துப்போய், சென்ற ஆண்டு இணையவழித் தொலைபேசிக்கு மாறினார். மூலையில் ஒரு சர்வர், மேசைகளில் மூன்று போன்.

முதல் நாளே வம்பு. மணி அடிக்கிறது, எடுத்து “ஹலோ” என்றால் லோரி ஓட்டுநருக்குக் கேட்கிறது. அவர் பேசுவதுதான் இங்கே கேட்கவில்லை. செம்பனைக் குலையோ காத்திருக்காது. வெட்டி 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும் என்பார்கள். தாமதமானால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் கூடித் தரம் இறங்கிவிடும். ஈஜோக் பக்கம் மண் சாலையில் லோரி புதைந்து, எங்கே நிற்கிறது என்று ஓட்டுநர் கத்திக்கொண்டிருக்க, இங்கே கிராணி “ஹலோ, ஹலோ” என்று கத்திக்கொண்டிருந்தார்.

“லைன் நல்லாத்தான் இருக்குண்ணே. கேட்டைப் பூட்டி வச்சிருக்கீங்க” என்றார் பழுது பார்க்க வந்த தம்பி.

கேட் என்று அவர் சொன்னது ஃபயர்வாலை. வெளியிலிருந்து வரும் எதையும் அனுமதி இல்லாமல் உள்ளே விடாத காவலாளி அது. இணைய அழைப்பு இரண்டு பகுதியாக வருகிறது. ‘கூப்பிடுகிறேன், எடு’ என்ற செய்தி எஸ்ஐபி என்ற முறைப்படி, வழக்கமாக 5060 என்ற போர்ட் வழியாக வரும். அந்தச் செய்திக்குப் பெயரே ‘இன்வைட்’, அழைப்பிதழ்தான். குரல் அந்த வழியில் வராது. விநாடிக்குச் சுமார் 50 சிறு பொட்டலங்களாக, ஆர்டிபி என்ற முறையில், வேறு போர்ட்டுகளில் வரும். நண்பர் 5060-ஐ மட்டும் திறந்து வைத்திருந்தார். அழைப்பிதழ் கொண்டுவந்தவரை விட்டுவிட்டு, சாப்பாட்டு வேனை வாசலிலேயே நிறுத்திய கதை!

இன்னொரு கோளாறும் இருந்தது. சர்வர் தன் முகவரியை 192.168 என்று தொடங்கும் உள்வீட்டு எண்ணாகச் சொல்லிக்கொண்டிருந்தது. லயத்தில் ‘மூணாவது வீடு’ என்றால் தோட்டத்துக்குள் போதும். வெளியூர்த் தபால்காரர் என்ன செய்வார்?

சர்வரில் இருந்தது ஆஸ்டரிஸ்க் என்ற இலவச மென்பொருள். அதன் மாதிரி அமைப்பில் குரலுக்கு 10000 முதல் 20000 வரை போர்ட் ஒதுக்கியிருக்கும். மூன்று போனுக்குப் பத்தாயிரம் வாசல் எதற்கு? தம்பி அதை 100 ஆகக் குறைத்து, ஃபயர்வாலிலும் அதே எண்களைத் திறந்தார். சர்வருக்கு வெளி முகவரியைச் சொல்லிக் கொடுத்தார். ரவுட்டரில் ‘எஸ்ஐபி ஏஎல்ஜி’ என்றொரு வசதி இருக்கும். முகவரியைத் திருத்தி உதவுகிறேன் என்று வந்து பல நேரம் கெடுத்துவிடும். அதையும் அணைத்தார். குரல் வந்தது.

வாட்ஸ்அப்பில் இந்தத் தொல்லை இல்லையே என்று கேட்கலாம். அத்தகைய செயலிகள் ‘என் வெளி முகவரி என்ன?’ என்று வெளியே உள்ள சர்வரைக் கேட்டுத் தெரிந்துகொள்கின்றன. நேர்வழி அடைபட்டால் நடுவில் ஒரு சர்வர் வழியாகக் குரலைக் கடத்துகின்றன. 2003-இல் வந்த ஸ்கைப் அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு, ஃபயர்வாலைத் தாண்டும் சாமர்த்தியமும் ஒரு காரணம்.

ஆனால், கேட்டை ஊருக்கே திறந்து போட்டுவிடாதீர்கள். 5060 எங்கே திறந்திருக்கிறது என்று இணையத்தில் இரவு பகலாகத் தேடுகிற கூட்டம் உண்டு. ‘1234’ போன்ற கடவுச்சொல்லை ஊகித்து நுழைந்து, நிமிடத்துக்குப் பல வெள்ளி ஆகும் வெளிநாட்டு எண்களுக்கு நள்ளிரவில் அழைப்பார்கள். பில் உங்கள் பெயரில் வரும். அதனால் 5060-ஐத் தொலைபேசிச் சேவை தரும் நிறுவனத்தின் முகவரிக்கு மட்டும் திறப்பதே பாதுகாப்பு. நண்பர் இதைச் செய்தது இரண்டு வாரம் கழித்துத்தான். அதற்குள் ஒன்றும் நடக்காதது அவர் அதிர்ஷ்டம்.

இன்னும் ஒன்று. பழைய செப்புக்கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்தது. வீட்டில் விளக்கு அணைந்தாலும் போன் பேசும். இப்போது மின்சாரம் போனால் மோடம், சர்வர், போன் எல்லாம் சேர்ந்தே படுத்துவிடும். அவசரத்துக்கு 999-ஐக்கூட அழைக்க முடியாது. கிராணியின் மேசையில் சார்ஜ் ஏற்றிய பழைய கைப்பேசி ஒன்று எப்போதும் கிடக்கிறது.