உங்களுக்குத் தெரியுமா? ஹமீதியாவுக்கு 1907-ஐ விட 2000 முக்கியமான ஆண்டு

பினாங்கு ஜார்ஜ்டவுன், கேம்பல் தெருவில் உள்ள ஹமீதியா உணவகம் 1907-இல் தொடங்கியது. தோளில் தண்டு வைத்து, இருபுறமும் சோறும் கறியும் சுமந்து தமிழ் முஸ்லிம்கள் விற்ற நாசி கண்டார், கடைக்குள் வந்து நிலைத்ததற்கு இது மூத்த சாட்சி. ஆனால் வயது மட்டுமே ஒரு கடைக்குப் பெருமையாகிவிடாது. பழைய கடைவீடுகளுக்கு 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நெடுங்காலம் காவலாக இருந்தது. மலிவான வாடகையில் சுமாரான கடையும் பிழைத்திருக்கலாம். 1997-இல் அச்சட்டம் ரத்தானது, 1999 முடிவோடு அதற்கான இடைக்கால அவகாசமும் தீர்ந்தது. வாடகை எகிறி, பழைய குடியிருப்பாளர்களும் சிறு வணிகர்களும் நகரை விட்டு வெளியேறினார்கள். அதன் பிறகும் அடுப்பு அணையாத ஹமீதியா போன்ற கடைகளையே நான் நம்புவேன்.

சுற்றுலாப் பயணிகள்தானே காப்பாற்றுகிறார்கள் என்பார்கள். ஆனால் ஜார்ஜ்டவுனுக்கு யுனெஸ்கோ உலக மரபுரிமைத் தகுதி கிடைத்தது 2008-இல்தான். இடைப்பட்ட எட்டாண்டுகளைக் கடக்க அது உதவியிருக்க முடியாது. பழைய ருசி இல்லை என்ற முணுமுணுப்பு வேறு. இருக்கலாம், நூறாண்டுக்கு முந்தைய ருசியை ஒப்பிட்டுச் சொல்ல இன்று யாருமில்லையே! ஹமீதியாவுக்குப் போனால், ஒரே குழம்போடு நிறுத்தாமல் நாலைந்தைக் கலந்து ஊற்றச் சொல்லுங்கள்.