நெடுஞ்சொல்லைப் பிரித்தறியும் வகை

வெளிமாநிலங்களில் வாழும் நம் சிறுவர் பலர் ஆங்கிலத்தின் வாயிலாகவே கல்வி பயில்கின்றனர். நீண்ட சொல்லொன்று எதிர்ப்படின், அதனை எழுத்தெழுத்தாக உருப்போட்டு மறுநாளே மறந்துவிடுகின்றனர். தமக்கு ஆங்கிலம் போதாதெனப் பெற்றோர் சிலர் ஒதுங்கியும் நிற்கின்றனர். அங்ஙனம் ஒதுங்க வேண்டுவதில்லை என்பதே எம் கருத்து. பகுபதம் பிரிக்கக் கற்ற தமிழர்க்கு இவ்வேலை புதிதன்று.

28 எழுத்துக்களாலான 'ஆன்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசம்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். நடுவிலுள்ள 'எஸ்டாப்ளிஷ்' பகுதி. நிறுவு என்பது பொருள். அதன்முன் நிற்கும் 'டிஸ்' நிறுவியதை நீக்குதலைக் காட்டும். அதற்கும் முன்னுள்ள 'ஆன்டி' எதிர்ப்பை உணர்த்தும். பின்வரும் 'மென்ட்' தொழிற்பெயர் விகுதி. 'ஏரியன்' கொள்கையினரையும், 'இசம்' கொள்கையையும் குறிப்பன.

இங்கிலாந்தில் ஆங்கிலிக்கத் திருச்சபை சட்டத்தால் அரசோடு பிணைக்கப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டில் அப்பிணைப்பை அறுக்க வேண்டுமென ஒரு சாரார் வாதிட்டனர். மற்றொரு சாரார் அதனை எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பாளர் கொள்கையே இச்சொல்லின் பொருள். அயர்லாந்தில் 1871-லும், வேல்சில் 1920-லும் பிணைப்பு நீங்கிற்று; இங்கிலாந்தில் இன்றும் நிலவுகின்றது.

இனி, ஒலிக்கும் முறை வேறு. ஆன்-டி-டிஸ்-எஸ்-டாப்-ளிஷ்-மென்-டேர்-இ-அன்-இஸ்-அம் என 12 அசைகளாக இச்சொல் ஒலிக்கும். 'மென்ட்' என்பதன் ஈற்று மெய் அடுத்த உயிரோடு கூடி 'டே' ஆயினமை காண்க. நூல், அகம் என்னும் இரண்டும் சேர்ந்த நூலகம், நூ-ல-கம் என்று ஒலிப்பதும் இவ்வாறே. ஆதலின் ஒலிப்பதற்கு அசையாகவும், பொருளறிதற்கு உறுப்பாகவும் பிரித்தல் வேண்டும். இவ்விரண்டையும் கலத்தலே மாணவர் இடர்ப்படுதற்குக் காரணம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஒழுங்கைக் குறிக்கும் 'டிசிப்ளின்' என்னும் சொல்லும் 'டிஸ்' என்பதன் மூன்று எழுத்துக்களாலேயே தொடங்குகின்றது. எனினும் அங்கே நீக்கப்பொருள் இல்லை. பிரித்தபின் எஞ்சுவது பொருள் தருகின்றதா என்று அகராதியில் நோக்குதல் நன்று.

நாள்தோறும் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பிள்ளைகள் பிரிக்கட்டும். அதனருகே 'நடந்தனன்' போன்ற தமிழ்ச்சொல் ஒன்றை நன்னூலார் கூறிய பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்னும் ஆறு உறுப்புக்களை நோக்கிப் பெற்றோர் பிரித்துக் காட்டட்டும். பள்ளிப்பாடமும் எளிதாகும், பள்ளியில் கிட்டாத தமிழிலக்கணமும் இல்லத்திலேயே கைவரும்.