உறையின் மேல் ஒரு கையொப்பம்

1991-ஆம் ஆண்டு, மழைக்காலம் தொடங்குவதற்கு முன், மதுரையிலிருந்து இரவுப் பேருந்து ஏறிச் சென்னைக்குப் போனேன். அண்ணா சாலையில் அமெரிக்கத் துணைத் தூதரகக் கட்டடத்தில் கல்வி ஆலோசனை நூலகம் ஒன்று இருந்தது. பல்கலைக்கழகங்களைப் பட்டியலிடும் பீட்டர்சன் வழிகாட்டியின் கனத்த தொகுதிகளை அங்கேயே உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். நரம்பறிவியலில் முனைவர் பட்டம் தரும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் முகவரிகளைக் காலை முதல் மாலை வரை நோட்டில் எழுதினேன். பதினெட்டு தேறின. அவற்றில் எது எனக்குப் பொருந்தும் என்று சொல்ல எங்கள் ஊரில் ஆள் இல்லை.

துறையே அப்போது இளையது. சான் டியாகோவில் 1965-இலும், ஹார்வர்டில் 1966-இலும்தான் அதற்கெனத் தனித் துறைகள் எழுந்தன. நான் படித்த மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அந்தப் பெயரில் பட்டம் கிடையாது. ஆனால் எம்.கே. சந்திரசேகரன் அங்கே வௌவால்களின் உடற்கடிகாரத்தை ஆய்ந்துகொண்டிருந்தார். வெளிச்சமே புகாத குகைக்குள் தொங்கும் வௌவாலுக்கு மாலை வந்துவிட்டது எப்படித் தெரிகிறது என்ற கேள்வி விலங்கியல் மாணவர்களான எங்கள் எல்லோருக்கும் பழகிய கேள்வி. எலியின் மூளையில் அந்தக் கடிகாரம் இருக்கும் இடத்தை 1972-இல் இரண்டு குழுக்கள் கண்டறிந்ததை நூலகத்தில் படித்தேன். அதன் பிறகு எனக்கு வேறெதிலும் மனம் ஊன்றவில்லை.

விண்ணப்பப் படிவம் கேட்டுக் கடிதம் எழுத வேண்டும். நீல நிற வான்கடிதம் போய்ச் சேரப் பத்து நாள், படிவம் திரும்பி வர ஒரு மாதம். அந்த ஜூலையில்தான் ரூபாயின் மதிப்பை இரண்டு தவணையாகக் குறைத்திருந்தார்கள். டாலர் ஏறத்தாழ 21 ரூபாயிலிருந்து 26 ரூபாய்க்கு ஏறியிருந்தது. 50 டாலர் விண்ணப்பக் கட்டணம் என்றால் 1,300 ரூபாய். அப்பாவின் மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல். ஆகவே ஒவ்வொரு கடிதத்தின் கடைசி வரியிலும் கட்டண விலக்கு கேட்டேன். பதினெட்டில் நான்கு இடங்கள் ஒப்புக்கொண்டன. அந்த நான்குக்கு மட்டும் விண்ணப்பித்தேன். எந்த ஆய்வகம், எந்த ஆசிரியர் என்பதை அறிவியல் தீர்மானிக்கவில்லை, கட்டணம் தீர்மானித்தது.

இப்போது என் மாணவி ஒருத்தி, பாளையங்கோட்டைக்காரி, 2024 டிசம்பரில் ஒன்பது இடங்களுக்கு விண்ணப்பித்தாள். முகவரி தேட அவள் எங்கும் போகவில்லை. ஒவ்வொரு ஆய்வகத்திலும் யார் என்ன செய்கிறார்கள், எத்தனை ஆண்டுகளில் முடிக்கிறார்கள், முடித்தபின் எங்கே போனார்கள் என்பதெல்லாம் அவள் கணினியில் ஓர் அட்டவணையாக இருந்தது. கட்டணம் மட்டும் இலேசாகவில்லை. ஓர் இடத்துக்கு 75 டாலர், 100 டாலர். டாலரோ 85 ரூபாயை ஒட்டி நின்றது. அவளும் விலக்கு கேட்டாள். மூன்று இடங்களில் கிடைத்தது.

பெரிய மாற்றம் கட்டணத்தில் இல்லை. அன்று எங்களிடம் கேட்டது ஆர்வத்தை, இன்று கேட்பது அனுபவத்தை. என்னுடைய நோக்க அறிக்கை ஒன்றரைப் பக்கம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுத்து அடித்தது. ஒற்றை அயனி வாயிலின் மின்னோட்டத்தை அளந்ததற்காக நேஹரும் சாக்மனும் நோபல் பரிசு பெற்றது அந்த அக்டோபரில்தான். அதைப் பற்றி ஒரு பத்தி எழுதிவிட்டு, நரம்பணு ஒன்றின் மின்துடிப்பை நான் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை, பார்க்க விரும்புகிறேன் என்றும் எழுதினேன். அப்படி எழுதிய என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

இன்று அந்த வரியை எழுதினால் இடம் கிடைக்காது. என் மாணவி எம்.எஸ்ஸி. முடித்து இரண்டு ஆண்டுகள் பெங்களூரில் புராஜெக்ட் அசிஸ்டன்டாக வேலை பார்த்தவள். பைத்தானில் நிரல் எழுதுவாள். மூளையில் நரம்பணுக்களின் மின்துடிப்பைப் பதிய 2017-இல் வந்த நியூரோபிக்சல்ஸ் ஊசியில் 960 பதிவுப் புள்ளிகள் உண்டு. ஒரே நேரத்தில் 384-லிருந்து பதியலாம். அந்தத் தரவைப் பிரித்தெடுக்க அவளுக்குத் தெரியும். நான் படித்த காலத்தில் நரம்பணுக்களின் முழு இணைப்பு வரைபடம் உள்ள ஒரே உயிர் ஒரு நூற்புழு, அதற்கு 302 நரம்பணுக்கள். 2024 அக்டோபரில் பழ ஈயின் முழு மூளை வரைபடம் வந்தது, 1,39,255 நரம்பணுக்களோடு. அவள் அதை இறக்கிப் பார்த்து ஒரு கேள்வி எழுப்பி, அந்தக் கேள்வியையே நோக்க அறிக்கையின் முதல் பத்தியாக வைத்தாள். முனைவர் பட்டத்தின் முதலிரண்டு ஆண்டுகளில் நான் கற்றதை, அவள் விண்ணப்பிப்பதற்கே கற்க வேண்டியிருந்தது.

அமெரிக்கச் சேர்க்கைக்கு எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வைப் பற்றி என் மனம் இன்னும் ஒரு பக்கமாகச் சாயவில்லை. அன்று மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 800. எதிர்ச்சொல், ஒப்புமை என்று வாழ்நாளில் பயன்படாத ஆங்கிலச் சொற்களை மொட்டைமாடியில் நடந்து நடந்து மனப்பாடம் செய்தோம். அந்தத் தேர்வு நல்ல அறிவியலாளரை இனங்காட்டவில்லை என்பது பின்னால் உறுதியாயிற்று. வாண்டர்பில்ட், வட கரோலினா பல்கலைக்கழகங்களின் உயிர்மருத்துவ மாணவர்களை வைத்து 2017-இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகள், அந்த மதிப்பெண்ணுக்கும் மாணவர் வெளியிட்ட கட்டுரைகளுக்கும் தொடர்பில்லை என்று காட்டின. அடுத்த சில ஆண்டுகளில் நரம்பறிவியல் துறைகள் பெரும்பாலும் அதைக் கைவிட்டன. சரியான முடிவு. ஆனால் யாரையும் அறியாத ஊரிலிருந்து எழுதிய எனக்காகப் பேசியது அந்த எண் ஒன்றுதான். இப்போது அந்த இடத்தில் அனுபவம் நிற்கிறது. அனுபவம் பெற ஆய்வகம் வேண்டும், ஆய்வகத்தில் இடம் பெற அறிமுகம் வேண்டும், இரண்டு ஆண்டுகள் குறைந்த சம்பளத்தில் பெங்களூரில் வாடகை கொடுத்து இருக்க வீட்டில் வசதியும் வேண்டும். என் மாணவியின் அம்மா அவளுக்காக நகையை அடகு வைத்தார். அடகு வைக்க நகை இல்லாதவர்களின் விண்ணப்பங்களை நாம் பார்க்கவே போவதில்லை.

அந்த வட கரோலினா ஆய்வு இன்னொன்றும் சொன்னது: மாணவரின் ஆக்கத்தோடு ஒத்துப்போனது பரிந்துரைக் கடிதம்தான். எனக்கு எழுதிய மூன்று ஆசிரியர்களில் ஒருவர் கையால் எழுதினார். மடித்து உறையிலிட்டு ஒட்டி, ஒட்டிய இடத்துக்குக் குறுக்கே கையொப்பமிட்டு, அதன்மேல் துறை முத்திரையையும் குத்தினார். “நல்லபடியா போய்ச் சேரட்டும்ப்பா” என்று உறையை என் கையிலேயே தந்தார். பிரித்தால் கையொப்பம் கிழியும், ஆகவே பிரிக்க முடியாது. அதில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவரும் இப்போது இல்லை.

நான் எழுதும் கடிதங்களுக்கு மின்னஞ்சலில் ஓர் இணைப்பு வருகிறது. கடிதத்தை ஏற்றும் முன், இந்த மாணவி நீங்கள் அறிந்தவர்களில் முதல் ஐந்து சதவீதத்திலா, பத்து சதவீதத்திலா என்று கட்டம் போட்டுக் கேட்கிறார்கள். ஒன்பது இடங்களுக்கு ஒன்பது இணைப்புகள், ஒரே மாலையில் முடிந்தது. வேகம் வசதிதான். ஆனால் அந்தக் கட்டங்களில் எந்த இடத்தில் புள்ளி வைப்பது என்று யோசிக்கும்போதெல்லாம் அந்தப் பழைய உறை நினைவுக்கு வருகிறது.

நேர்காணல் எனக்குக் கிடையாது. கடல்கடந்த மாணவரைக் காகிதத்தில் பார்த்தே முடிவெடுத்தார்கள். என் மாணவியை ஐந்து பேராசிரியர்கள் ஜூமில், இந்திய நேரம் இரவு பத்தரை முதல் ஒன்றரை வரை, தனித்தனியாகச் சந்தித்தார்கள். ஒருவர் அவளோடு அரை மணி நேரம் அவளுடைய தரவைப் பற்றியே பேசினார். “மேம், எனக்கு வேலை கேட்கப் போன மாதிரியே இல்ல. கூட வேலை பாக்குறவங்க கிட்ட பேசின மாதிரி இருந்துச்சு” என்றாள். இந்தக் கொடுப்பினை எனக்கு வாய்த்ததில்லை.

அமெரிக்கா போகாமலே இருந்திருக்கலாம் என்பதும் அவளுக்கு உண்மையான வழி. மனேசரில் தேசிய மூளை ஆய்வு மையம் 2003-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இந்திய அறிவியல் கழகத்தில் நரம்பறிவியல் மையம் 2009-இல் வந்தது. 2024-இல் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய். என் காலத்தில் தேர்ந்தெடுக்க இவ்வளவு இல்லை. அங்கே, அமெரிக்க அரசின் முனைவர் பட்ட உதவித்தொகை அளவுகோல் 1991-இல் ஆண்டுக்கு 8,800 டாலர், 2024-இல் 28,224.

2025 பிப்ரவரியில் அவளுக்கு ஓரிடம் உறுதியானது. நேர்காணல் நடத்திய இன்னோர் இடம், ஆய்வு நிதி நிச்சயமில்லாததால் அந்த ஆண்டு சேர்க்கையைச் சுருக்குவதாக மார்ச்சில் எழுதியது. மே இறுதியில் மாணவர் விசாவுக்குப் புதிதாக நேர்காணல் நேரம் தருவதை நிறுத்தினார்கள். ஜூனில் மீண்டும் தொடங்கியபோது சமூக வலைதளக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கச் சொன்னார்கள். 1992-இல் என்னிடம் கேட்டது வங்கிக் கணக்கையும் திரும்பி வருவேனா என்பதையும் மட்டும்தான்.

விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவம் எனக்குத் தபாலில் வந்தது. தபால்காரருக்கு அம்மா காபி கொடுத்தார். என் மாணவியுடையது மின்னஞ்சலில் வந்தது. தாளில் வேண்டுமென்றால் நாமே அச்சிட்டுக்கொள்ள வேண்டும். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் அச்சிட்டாள். மாணவர் கையொப்பமிடும் இடத்தில் மையால்தான் எழுத வேண்டும் என்று குறிப்பு இருந்தது. கடைக்காரரிடம் பேனா வாங்கி, கண்ணாடிப் பெட்டியின் மேல் தாளை வைத்து, மெதுவாக எழுதினாள்.